திபெத்திய ஏட்டுக் குறிகளும் கணினியும்

எழுத்தாவது ஒலியைக் குறிப்பது என்று கூறி அமைதல் நம்மனோர் வழக்கம். ஆயின் ஏட்டில் எழுதப்படுவன எல்லாம் ஒலியைக் குறிப்பன அல்ல. நூல் தொடங்குமிடத்து இடும் சுழியும், வாக்கியம் முடியுமிடத்து இடும் கோடும் வாயாற் சொல்லப்படுவன அல்ல. கண்ணால் மட்டுமே உணரப்படுவன. நம் ஓலைச்சுவடிகளில் இவை மிகச் சிலவாதலின் நம் இலக்கண நூலார் இவற்றைப் பெரிதும் ஆராய்ந்திலர். இமயத்திற்கு அப்பாலுள்ள திபெத்திய மொழியிலோ இத்தகைய குறிகள் பலவாய்ப் பெருகி, ஒவ்வொன்றும் தனக்கெனப் பெயரும் தொழிலும் உடையதாய் விளங்குகின்றது. அக்குறிகளைக் கணினியில் இடுங்கால் நேரும் இடர் யாது, அதனை நீக்குமாறு எங்ஙனம் என்பவற்றை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

தமிழ் பயிலும் எமக்குத் திபெத்தியத்தோடு என்ன தொடர்பு என்று நண்பர்கள் வினவக்கூடும். லடாக்கு நாட்டு லே நகரத்தினின்று வந்து எம்மோடு விடுதியில் உறையும் நண்பர் ஒருவர், மொரேவிய சபையினர், தம் பாட்டனார் கைப்பட எழுதிவைத்த செபக் குறிப்பேட்டின் நிழற்படங்களைச் சென்ற விடுமுறையின்போது கொண்டுவந்தார். பாட்டனாரின் நினைவுநாளுக்குள் அதனைச் சிறு நூலாக்கி உறவினர்க்கு வழங்கவேண்டுமென்பது அவர் விருப்பம். அவர் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துக் கணினியில் இட்டார். அம்மொழியறியாத யாம் உருவத்தை மட்டும் ஒப்புநோக்கித் திருத்தினோம். முதற்பகுதி முடிந்தவுடன் அதனைக் கைப்பேசி வாயிலாக லேயிலுள்ள தம் அத்தையார்க்கு அனுப்பினார். மறுநாள் வந்த விடை எம்மிருவரையும் திகைக்க வைத்தது. "அப்பா எழுதியதில் ஏதேனும் விட்டுவிட்டீர்களா? வரியின் நடுவில் மணிக்குறி நிற்கின்றதே, ஏன்?" என்று அம்மையார் கேட்டிருந்தார். மும்முறை ஒப்பிட்டோம், ஓரெழுத்தும் விடுபடவில்லை. அங்ஙனமாயின் அம்மையார் ஐயுற்றது எதனால்? அதனையறியப் புகுந்தபோதே இப்பொருள் எம் கைக்கு எட்டியது.

திபெத்திய எழுத்து, நம் தமிழெழுத்தைப் போலவே, பழைய பிராமியின் வழித்தோன்றல். ஏழாம் நூற்றாண்டில் சோங்சென் கம்போ என்னும் அரசன் காலத்தில் தோன்மி சம்போட்டா என்னும் அமைச்சர் இந்தியா போந்து கற்று அதனை அமைத்தார் என்பது அந்நாட்டார் மரபு. அசையே அவ்வெழுத்து முறையின் அடிப்படை. ஓர் அசை முடிந்தவுடன் எழுத்தின் தலைமட்டத்தில், வலப்புறத்தே, ஒரு சிறு புள்ளி இடப்படும். இதற்குத் 'த்ஸெக்' என்று பெயர். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெற்றிடம் விடும் வழக்கம் அங்கு இல்லை. இரண்டசைச் சொல்லாயினும் நான்கசைத் தொடராயினும் அசைதோறும் புள்ளியே வரும். சொல் எங்கே முடிகின்றது என்பதைப் படிப்பவரே பொருள் நோக்கி அறிந்துகொள்ளல் வேண்டும். ஆதலின் வெற்றிடத்தைக் கொண்டு சொற்களை எண்ணப் பழகிய கணினி நிரல், திபெத்தியப் பக்கம் ஒன்றைப் பார்த்து அதில் பத்திருபது சொற்களே உள என்று கூசாது கூறும்.

கருத்து நிற்குமிடத்தும் செய்யுளடி முடியுமிடத்தும் நெடுகத் தொங்கும் கோடொன்று இடப்படும், அது 'ஷே'. கோட்டின் பின்னரே வெற்றிடம் வரும். கோட்டின் முன் புள்ளி வாராது என்பது பொதுவிதி. ஆயின் 'ங' எழுத்து ஈற்றில் நின்றால் மட்டும் புள்ளியை விடாமல் எழுதி அதன்பின் கோடிடுவர். ஙகரமும் கோடும் ஒட்டி நின்று வேறோர் எழுத்தெனக் கண்ணை மயக்காதிருத்தற் பொருட்டு. 'க' எழுத்து ஈற்றில் நின்றாலோ கோட்டையே இடார். அவ்வெழுத்தின் நீண்ட காலே கோடாகவும் பயன்படும் என்பது அவர் கொள்கை. சிக்கனத்தில் நம் செட்டிநாட்டாரும் இவர்களிடம் பாடங்கேட்கலாம். நகைக்காக இதனைச் சொல்லினும் இதில் ஓர் இடர் உண்டு: கோடுகளை எண்ணி வாக்கியங்களைப் பிரிக்கும் நிரலுக்குக் ககர ஈற்று வாக்கியம் முடிந்ததே தெரியாது.

இனி அம்மையார் கண்ட மணிக்குறியைக் கூறுவாம். திபெத்திய நூல்கள் நம் ஓலைச்சுவடிகளைப் போல அகலம் மிக்கனவாய், உயரம் குறைந்தனவாய், தைக்கப்படாத நீண்ட தாள்களாய் அமைவன. 'பெச்சா' என்பது அவற்றின் பெயர். டெர்கே நகரில் 1729 முதல் 1733 வரை மரப்பலகைகளிற் செதுக்கப்பெற்ற புத்த ஆகமத் தொகுதியில் பக்கத்துக்கு ஏழு வரிகள். பலகையைச் செதுக்குபவனுக்கு வரியின் நீளம் மாறாதது. இந்நிலையில், ஒரு வாக்கியத்தின் கடைசி அசை ஒன்றே ஒன்று மட்டும் முந்தின வரியில் இடமின்றி அடுத்த வரியின் தலைப்பில் வந்து விழுந்தால் என் செய்வது? அதன்பின் வழக்கமான கோட்டை இட்டால், விரைந்து படிப்பவன் அவ்வோரசையைத் தனி வாக்கியமென மயங்கவுங்கூடும். ஆகவே அவ்விடத்தில் வெறுங்கோட்டை இடாது, மேலே புள்ளிகளைக் குவித்த சிறப்புக்கோடு ஒன்றை இடுவர். அதன் பெயர் 'ரின்சென் புங்ஷே'. மணிக்குவியற்கோடு என்பது பொருள். இவ்வசை தனித்தன்று, மேல்வரியின் எச்சம் என்பதே அக்குறியின் மொழி. எழுதுவோன் படிப்போனுக்காக எத்துணை நுட்பமாய்க் கவலைகொண்டான் என்பதை இவ்வொரு குறியே காட்டும்.

இதற்கு மறுதலையான இடரும் அவனுக்கு உண்டு. வரியின் ஈற்றில் ஓரசைக்கும் போதாத சிற்றிடம் மிஞ்சினால், ஓரம் நேராகத் தோன்றும்பொருட்டு அசைப்புள்ளிகளையே இரண்டு மூன்றாக அடுக்கி அவ்விடத்தை நிரப்புவான். அப்புள்ளிகளுக்குப் பொருள் இல்லை. இடமடைத்தலே அவற்றின் தொழில்.

இவை இரண்டும் எதனால் தோன்றின என்று நோக்குக. மொழியால் அல்ல, பொருளால் அல்ல, தாளின் அகலத்தால். நண்பர் தம் பாட்டனாரின் ஏட்டை உள்ளவாறே பெயர்த்தெழுதினார். ஏட்டில் வரித்தலைப்பில் நின்ற மணிக்குறி, கைப்பேசியின் குறுகிய திரையில் வரிகள் வேறாக முறிந்தமையால், வரியின் நடுவே வந்து நின்றது. அங்கே அதற்கு வேலையில்லை. மரபறிந்த அம்மையாரோ அதனைக் கண்டு, ஈண்டு ஏதோ ஒரு வரி முறிந்துளது, இடையில் ஏதோ போயிற்று என்று கொண்டார். குறி பொய் சொல்லவில்லை. இடம் மாறியதால் பொய்போல ஒலித்தது.

இக்குறிகள் மரப்பலகையினின்று முதன்முறையாக இப்போதுதான் பெயர்க்கப்படுகின்றன என்று நினையற்க. உலோக அச்சுக்கு இவற்றைக் கொணர்ந்ததில் கிறிஸ்தவ ஊழியர்க்குப் பெரும் பங்குண்டு. கப்புச்சின் துறவியர் லாசாவினின்று அனுப்பிய குறிப்புக்களைக் கொண்டு ஜார்ஜி என்னும் அகஸ்தீனியத் துறவி தொகுத்த பெருநூல் 1762இல் உரோமையில் திபெத்திய வார்ப்பெழுத்துக்களோடு வெளிவந்தது. நம் நாட்டில் 1826இல் சிராம்பூர் மிஷன் அச்சகத்தில் ஷ்ரோட்டர் ஐயர் விட்டுச்சென்ற குறிப்புக்களினின்று ஓர் அகராதி அச்சாயிற்று. 1834இல் கல்கத்தாப் பாப்டிஸ்டு மிஷன் அச்சகம் ஹங்கேரியராகிய சோமா தெ கோரோசின் அகராதியை அச்சிட்டது. லாகூல் பள்ளத்தாக்கிற் கீலாங்கில் தங்கி உழைத்த மொரேவிய ஊழியர் யேஷ்கேயின் அகராதி 1881இலும், அவர் உழைப்பின் பயனான புதிய ஏற்பாடு 1885இலும் வெளிவந்தன. யோசேப் கெர்கன் என்னும் லடாக்கியப் பெரியாரின் நெடுங்கால உழைப்பால் முழுத் திருமறை 1948இல் லாகூரில் அச்சேறியது. எழுத்தின் ஒரு சிற்றுறுப்பைப் பற்றியும் ஆண்டவர் மலைப்பிரசங்கத்திற் பேசியிருத்தலை அறிந்த இவர்கள், குறிகளை அற்பமென எண்ணியிரார் என்று நம்புகின்றோம். எனினும் அச்சுக்கோப்பவர்க்கும் பக்கத்தின் அகலம் நிலையானதே. கோத்து முடித்த பக்கம் படிப்பவன் கையில் விரிவதும் சுருங்குவதும் இல்லை. அகலமே இல்லாத ஏடு என்பது கணினியோடு பிறந்தது.

கணினி உருவத்தை அறியாது, எண்ணையே அறியும். உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் யூனிகோடு என்னும் ஒருங்குறி முறை 1991இல் வெளிவந்தபோதே திபெத்தியம் அதில் இடம்பெற்றிருந்தது. ஆயின் அப்போது அமைத்த முறை பிழைபட்டதென்று உணர்ந்து 1993இல் அதனை முற்றும் நீக்கிவிட்டனர். அடுக்கெழுத்துக்களின் கீழ்நிற்கும் எழுத்துக்கெல்லாம் தனி எண்கள் அளித்து, 1996இல் வேறோரிடத்தில் புதிதாக அமைத்தனர். இந்நாளில் ஓர் எழுத்துக்கு ஒருமுறை இடம் அளித்தால் பின்பு நீக்குதல் இல்லை என்பது அவர்கள் விதி. பதின்ம எண்ணிற் கூறுமிடத்து, 3840 முதல் 4095 வரையுள்ள 256 இடங்கள் திபெத்தியத்துக்கு உரியன. நம் தமிழுக்கு 2944 முதல் 128 இடங்கள்.

இவ்வட்டவணையில் அசைப்புள்ளிக்கு எண் 3851. அப்புள்ளிக்குப் பின் வரி முறியலாம் என்பது கணினிக்கு இட்ட கட்டளை. ஆனால் ஙகரத்துக்கும் கோட்டுக்கும் இடையே புள்ளி நிற்கும் என்றோமன்றோ? அங்கே வரி முறிந்தால் கோடு அடுத்த வரித்தலைப்பில் அநாதையாய் நிற்கும். அது திபெத்தியர் கண்ணுக்கு ஒவ்வாதது. ஆகவே வரியை முறிக்கவிடாத புள்ளி ஒன்றும் வேண்டியதாயிற்று. அதற்கு எண் 3852. இரண்டும் உருவத்தால் ஒன்றே. எம்போன்றோர் உருப்பெருக்காடி கொண்டு நோக்கினும் வேற்றுமை காணல் அரிது. கணினிக்கோ அவை அகரமும் ஆகாரமும் போல வெவ்வேறு. ஒருவர் 3851 இட்டு எழுதிய சொற்றொடரை மற்றொருவர் 3852 இட்டுத் தேடினால் 'இல்லை' என்ற விடையே வரும். இரட்டைக்கோட்டின் நிலையும் இதுவே. ஒற்றைக்கோட்டுக்குரிய 3853ஐ இருமுறை இடுபவரும் உளர். இரட்டைக்கோட்டுக்கென அமைந்த 3854ஐ இடுபவரும் உளர். தேடுகருவியை இயற்றுவோர் இவ்விரட்டைகளை ஒன்றெனக் கொள்ளுமாறு முன்னரே விதித்துவிட்டால் இடர் தீரும். விதியாவிடின், நூல் கண்முன்னே இருந்தும் இல்லாததாகும்.

இவ்விடர் எத்துணைப் பெரிதென்பதை உணர, பெயர்க்கப்படும் ஏடுகளின் அளவை நோக்குதல் வேண்டும். புத்தர் மொழியெனப் போற்றப்படும் ஆகமத்தொகுதி நூற்றுச் சொச்சம் தொகுதிகள். அதன் உரைகள் முதலியன இருநூற்றுக்கு மேல். நம் அண்டை நாடாகிய கருநாடகத்துப் பைலகுப்பேயில் ஏதிலியராய்க் குடியேறிய சேரா மடத்துத் துறவியர் பல்லாண்டுகளாக இத்தகைய நூல்களைக் கணினியில் இட்டுவருவாராயினர். தொடக்கத்தில் அவர்கள் உரோமன் எழுத்தில் இட்டனர். வெற்றிடம் அசைப்புள்ளிக்கும், காற்புள்ளி கோட்டுக்கும் நின்றன. விரைவுக்கு அது நன்றே. ஆயின் தட்டச்சுப் பலகையிலுள்ள சில குறிகளைக்கொண்டு திபெத்தியக் குறிகளின் செல்வத்தை அளக்கப் புகுந்தால், எக்குறியை வேறுபடுத்திக் காப்பது, எதனைப் பொதுக்கோட்டில் அடக்குவது என்னும் வினா முதல் நாளிலேயே எழும். அவ்வினா இன்றும் ஓய்ந்தபாடில்லை.

எம் கருத்தில், குறி எதனாற் பிறந்தது என்று வினவினால் பெரும்பாலும் விடை கிடைக்கும். தாளின் அகலத்தாற் பிறந்த இடநிரப்பும் புள்ளிகளைப் படிப்புநூலினின்று நீக்கலாம். அவை மூலத்தின் பகுதியல்ல. மணிக்குறியையும் வெறுங்கோடாக மாற்றலாம். இன்ன பலகையில் இன்னவாறு உள்ளது என்று அப்படியே காட்டும் பதிப்பாயின், வரிமுறிவையும் உடன்காட்டி அவற்றை வைத்தல் வேண்டும். வரிமுறிவை விட்டுக் குறியை மட்டும் வைப்பது இரண்டுங்கெட்ட நிலை. எம் நண்பர் செய்ததும், அருகிருந்து யாம் ஒப்பியதும் அதுவே.

இவ்வாறு நீக்கத்தகாத குறிகளும் உள. 'தெர்த்ஸெக்' என்பது அவற்றுள் ஒன்று, இரு சிறு வட்டங்களின் இடையே ஒரு கீற்று உடையது, எண் 3860. பண்டை ஆசிரியரால் மறைத்துவைக்கப்பட்டுப் பிற்காலத்தே வெளிப்பட்டன என்று அந்நாட்டார் கொள்ளும் 'புதையல்' நூல்களிற் கோட்டுக்குப் பதிலாக இக்குறி வரும். ஒலியில் இதற்கும் கோட்டுக்கும் வேறுபாடில்லை. ஆயினும் ஏட்டைக் கண்டமாத்திரத்தே 'இது புதையல் நூல்' என்று அந்நாட்டுப் படிப்பாளி அறிவது இக்குறியாலேயே. ஒழுங்கு செய்கின்றோம் என்று கருதி ஒருவர் இதனை வெறுங்கோடாக்கினால், நூலின் ஒரு சொல்லும் மாறாதிருக்க, நூல் இன்னதென்னும் செய்தியே அழிந்துபோம். அந்நம்பிக்கையை நாம் ஏற்கின்றோமா என்பது வேறு வினா. ஏட்டிலுள்ளதைக் காப்பது பெயர்ப்பவன் கடன்.

தலைக்குறிகளும் இத்தகையனவே. பக்கத்தின் தொடக்கத்தில் 'யிக்கோ' என்னும் சுருள்வடிவக் குறியொன்று நிற்கும். கலைந்த தாள்களில் முகப்பு எது, பின்புறம் எது என்று காட்டவும் அது உதவும். நம்மவர் இடும் பிள்ளையார் சுழியை இதனோடு ஒருபுடை ஒப்பிடலாம். பூட்டான் நாட்டார் இவ்வகையில் இன்னும் ஒருபடி மேற்சென்றனர். மேலோர்க்கு விண்ணப்பம் எழுதுங்கால் ஒரு தலைக்குறி. ஒத்தார்க்கு எழுதுங்கால் வேறொன்று. ஆணைத்திருமுகம் விடுக்குங்கால் பிறிதொன்று. குறியை மாற்றி இட்டால் மரியாதையே மாறிவிடும். விண்ணப்பக் குறி அட்டவணையில் முன்னரே இருந்தது. மற்றிரண்டும் 2005இல் 4048, 4049 என்னும் எண்களிற் சேர்ந்தன. இவற்றுள் ஆணைக்குறியின் பெயரைப் பதியுங்கால் 'ப்க' என்று தொடங்கவேண்டியதை 'ப்ஸ்க' என்று ஒரு ஸகரம் மிகுத்து எழுதிவிட்டனர். பெயரை மாற்றலாகாது என்பது அங்கு விதி. ஆகவே சரியான வடிவத்தை மாற்றுப்பெயராகப் பக்கத்தில் எழுதிவைத்து, பிழைபட்ட பெயரை என்றைக்கும் அவ்வாறே இருக்கவிட்டனர். ஏடு பெயர்த்தெழுதுவோரின் கைப்பிழையைக் குறைகூறும் நமக்கு இஃதொரு தேற்றரவு.

ஐயத்துக்கிடமான குறியும் ஒன்றுண்டு. அசையின் கீழே சிறு வட்டமிடும் வழக்கம் அது. உரைநூலில் மூலத்தின் சொற்கள் எவையென்று காட்டவும், பெரியோர் பெயரைச் சிறப்பிக்கவும் இவ்வாறு இடுவர். நம் உரைநூற் பதிப்புக்களில் மூலச்சொற்களைத் தடித்த எழுத்தில் அச்சிடுதல் இதற்கு நிகர். தடிப்பு, எழுத்துக்குப் புறத்தே நிற்பது. அதனை நீக்கினும் சொல் மாறாது. திபெத்திய வட்டமோ ஒவ்வோர் அசையினுள்ளும் தனியெண்ணாகப் புகுந்து நிற்கின்றது. ஆகவே வட்டமிட்ட சொல் கணினிக்கு வட்டமிடாத சொல்லின் வேறாகும். வைத்தால் தேடல் கெடும். நீக்கினால் மூலம் எது, உரை எது என்று தெரியாது. வைத்தலே தக்கது, தேடுகருவியே வட்டத்தைக் கடந்து பார்க்கக் கற்கவேண்டும் என்பது எம் துணிபு. எனினும் அறிஞர் மறுப்பாராயின் கேட்க ஆயத்தமாயிருக்கின்றோம்.

இங்குத் தமிழேட்டின் நிலையையும் ஒருசிறிது நினைத்தல் பொருந்தும். மெய்க்குப் புள்ளியும் இடாது, எகர ஏகாரமும் பிரித்துக்காட்டாது எழுதிய ஓலைகளைப் பதிப்பித்த நம் பெரியோர்க்கு, இல்லாத குறியை எங்கே இடுவது என்பதே கவலை. திபெத்தியப் பதிப்பாளர்க்கு உள்ள குறியில் எதனை வைப்பது என்பது கவலை. எனினும் நம் ஏடுகளிலும் சில குறிகள் இருந்தன. நூல் முற்றியதைக் காட்டும் பழந்தமிழ்க் குறியொன்று ஒருங்குறியில் 2019இல் தான் இடம்பெற்றது. அதுகாறும் அதனைக் கணினியில் எழுத முறையான வழியில்லை. பெயர்த்தெழுதியோர் விட்டுவிட்டனர், விட்டதை யாரும் கேட்கவுமில்லை.

மீண்டும் பாட்டனார் ஏட்டுக்கு வருவோம். மேற்கூறியவற்றை ஆராய்ந்தபின், நண்பரும் யாமும் அமர்ந்து படிப்புநூலுக்கென ஒரு படியும், நிழற்படத்தின் வரிக்கு வரி ஒத்த மற்றொரு படியும் அமைத்தோம். முதற்படியில் மணிக்குறிகளை வெறுங்கோடாக மாற்றி, இடநிரப்பும் புள்ளிகளை நீக்கி, ஙகர ஈற்றின் பின்னுள்ள புள்ளிகளையெல்லாம் முறியாப் புள்ளியாகத் திருத்தினோம். ஒவ்வொரு மணிக்குறியையும் ஏட்டின் வரித்தலைப்போடு ஒப்பிட்டு மாற்றிக்கொண்டு வருங்கால், ஓரிடத்திற் கை நின்றது. அங்கே பாட்டனார் தாமே, தம் கையால், வரியின் நடுவில் மணிக்குறியை இட்டிருந்தார். அதன்முன் வரிமுறிவு இல்லை. மைக்கறையோ திருத்தமோ இல்லை. நிதானமாய் எழுதிய குறி.

நண்பர் அதனை அத்தையாரிடம் கேட்டார். அம்மையார் சிறிதுநேரம் எண்ணி, அச்செபம் அப்பா தாமே இயற்றியதன்று, இளமையில் வேறோர் ஏட்டைப் பார்த்து எழுதிக்கொண்டதாக இருக்கும் என்றாராம். அங்ஙனமாயின் அவர் பார்த்தெழுதிய ஏட்டில் அவ்வசை வரித்தலைப்பில் நின்றிருத்தல் வேண்டும். அவ்வேடு இன்று யார் வீட்டிலும் இல்லை. அதன் ஒரு வரி எங்கே முறிந்தது என்பது மட்டும் இக்குறியால் எஞ்சியிருக்கின்றது. நூலின் இரு படிகளிலும் அவ்வொரு மணிக்குறியை, வரியின் நடுவிலேயே, இருந்தவாறு வைத்திருக்கின்றோம்.